ஆடுபவரும் ஆக்குபவரும்

உழைத்துக் களைத்தவர்க்கு விளையாட்டு ஓர் இளைப்பாறல். குழந்தைக்கோ அதுவே முதற் பள்ளிக்கூடம். எண்ணக் கற்பதும், விட்டுக்கொடுக்கக் கற்பதும், தோற்றாலும் அழாதிருக்கக் கற்பதும் விளையாட்டிலேதான். எங்கள் கொல்லிமலையில் மழை பிடித்துக்கொண்டால் நாள் முழுவதும் வெளியே தலைகாட்ட முடியாது. அப்போது திண்ணைக்குத் திண்ணை தாயக்கட்டை உருளும் ஓசையும், பல்லாங்குழியில் புளியங்கொட்டை விழும் ஓசையும் கேட்கும். ஆடுகிறவர்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். வென்றவர் பெயரை ஊரே சொல்லும். ஆனால் பல்லாங்குழிக்குப் பதினான்கு குழிகள் போதும் என்று முதன்முதலில் முடிவு செய்தவர் யார்? அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆடுபவரை உலகம் காண்கிறது, ஆக்கியவரை மறந்துவிடுகிறது. மறைந்து நிற்கும் அந்த ஆக்குபவரைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

அன்புத் தோழியரே, நான் வளர்ந்து கணினி விளையாட்டுகளை வடிவமைப்பவளாக ஆக வேண்டும் என்பது என் ஆசை. இதை வகுப்பில் சொன்னபோது சிலர் சிரித்தீர்கள். "அப்படியானால் நாள் முழுக்கப் போனை நோண்டலாம்!" என்றாள் ஒருத்தி. வீட்டில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

அவர்கள் வருத்தத்திற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் உறவில் ஓர் அண்ணன் கைப்பேசியில் பணம் கட்டிச் சீட்டாடி, ஒரு வருட மிளகு விற்ற பணம் முழுவதையும் இழந்துவிட்டார். முதலில் சிறு தொகை வந்தது. பிறகு வந்ததும் போயிற்று, இருந்ததும் போயிற்று. இப்போது அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்து மாதாமாதம் கடனை அடைத்து வருகிறார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'போன் விளையாட்டு' என்ற சொல்லைச் சொல்லவே கூடாது. நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் உண்மையிலேயே சுடும்.

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சூது வேறு, விளையாட்டு வேறு. சூதில் ஒருவன் இழந்தால்தான் இன்னொருவன் பெற முடியும். ஆட்டத்தை நடத்துகிறவனுக்கோ இருவரிடமிருந்தும் பங்கு கிடைக்கும். தமிழக அரசு இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யவும், இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தவும் 2022-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. அதற்கு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை அச்சட்டம் நாடு முழுவதும் தடை செய்கிறது. ஆனால் அதே சட்டம், பணம் கட்டாத விளையாட்டுகளையும் மின்விளையாட்டுப் போட்டிகளையும் ஊக்குவிக்கவும் இடம் தருகிறது. ஒரே சட்டத்தின் ஒரு கை தடுக்கிறது, மறு கை தட்டிக்கொடுக்கிறது. நான் செய்ய விரும்புவது இரண்டாவது கை தட்டிக்கொடுக்கும் வேலையை.

சரி, விளையாட்டை வடிவமைப்பது என்றால் என்ன? நாம் எல்லோரும் அறிந்த ஆடு புலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் பலம் இல்லை. கூடி நின்று புலியை நகரவிடாமல் அடைப்பதே அதன் வழி. இதிலே புலி நான்காக இருந்தால் ஆடுகள் பிழைக்குமா? ஆடு இருபதாக இருந்தால் புலி அசையுமா? பலம் உள்ள சிலரையும் பலம் இல்லாத பலரையும் எதிரெதிரே நிறுத்தி, இரு பக்கமும் வெல்ல வாய்ப்பு இருக்கும்படி எண்ணிக்கையை அமைத்திருக்கிறார்களே, அதுதான் வடிவமைப்பு. அதைச் செய்தவர் பெயர் நமக்குத் தெரியாது. பாறையில் கோடு கிழித்துப் பல தலைமுறைகள் ஆடிப் பார்த்துத் திருத்திய அறிவு அது. நம் பரமபதமும் அப்படிப்பட்டதே. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடிய அந்த ஆட்டம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய்ப் பாம்பும் ஏணியுமாக உலகமெங்கும் பரவிற்று. ஆகவே விளையாட்டை ஆக்குவது நமக்குப் புதிய தொழில் அன்று. பழைய தொழிலுக்குப் புதிய பலகை வந்திருக்கிறது, அவ்வளவே.

அந்தப் புதிய பலகையில் நம் நாட்டவர் எப்போது கை வைத்தார்கள் என்று தேடிப் படித்தபோதுதான் திரு. ராஜேஷ் ராவ் அவர்களைப் பற்றி அறிந்தேன். அவர் 1997-ஆம் ஆண்டு பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவில் கணினி விளையாட்டு ஆக்கும் முதல் நிறுவனம் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். அந்த ஆண்டை எண்ணிப் பாருங்கள். பொதுமக்களுக்கு இணையம் நம் நாட்டில் கிடைக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள். அதாவது, இணையம் வந்து இரண்டே ஆண்டுகள். வீட்டில் கணினி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். விளையாட்டு ஆக்கக் கற்றுத்தரும் கல்லூரி கிடையாது. வேலை தெரிந்தவர் கிடையாது. காசு கொடுத்து வாங்குவோரும் அநேகமாகக் கிடையாது. நிலமும் இல்லை, விதையும் இல்லை, சந்தையும் இல்லை. ஆனாலும் ஒருவர் ஏர் பூட்டினார்!

துருவன் என்றால் வானில் இடம் பெயராது நிற்கும் விண்மீன் என்று நம் புராணக் கதை கூறும். பெயர் வைத்தவருக்கு நிலைத்து நிற்கும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். தொடக்கத்திலேயே பிரான்சு நாட்டின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனத்திற்காக 'மிஷன் இம்பாசிபிள்' விளையாட்டின் கணினிப் பதிப்பில் வேலை செய்யும் வாய்ப்பு துருவாவுக்குக் கிடைத்தது. 'இயலாத பணி' என்பது அந்தத் தலைப்பின் பொருள். முதற் பணிக்கே என்ன பொருத்தமான பெயர்! பின்னர், பேசும் படம் வருவதற்கு முன்பே உலகைச் சிரிக்க வைத்த சார்லி சாப்ளினின் உருவத்தைக் கைப்பேசி விளையாட்டுகளில் பயன்படுத்தும் உரிமையையும் அவர்கள் பெற்றார்கள். அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் ஃபிரீட்மன் 2005-இல் வெளியிட்ட 'தி வேர்ல்டு இஸ் ஃபிளாட்' என்னும் நூலில் ராஜேஷ் ராவ் அவர்களும் துருவாவும் இடம் பெற்றிருக்கிறார்கள்.

ஆனால் துருவாவின் பெரும்பகுதி வேலை, வெளிநாட்டார் உருவாக்கும் விளையாட்டுகளுக்கு உறுப்புகள் செய்துகொடுப்பதாக இருந்தது. 'ஃபோர்ஸா' என்றொரு கார்ப் பந்தய விளையாட்டு உலகப் புகழ் பெற்றது. அதில் ஓடும் கார்களை ஆக்கியதில் பெங்களூர்க் கலைஞர்களுக்கும் பங்கு உண்டு. இதை அறிந்தபோது எனக்கு வியப்பு தாங்கவில்லை. திரையில் தெரியும் கார், தகட்டால் ஆனதன்று. ஆயிரக்கணக்கான சிறு சிறு முக்கோணங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஆக்கிய உருவம். உண்மையான காரின் படங்களையும் அளவுகளையும் வைத்துக்கொண்டு, கதவின் வளைவு, விளக்கின் கண்ணாடி, இருக்கையின் தையல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கணினியில் எழுப்ப வேண்டும். பின் அதற்கு வண்ணம் பூச வேண்டும். வெயில் பட்டால் எப்படி மின்னும், மழை பெய்தால் நீர் எப்படி வழியும் என்று பார்க்க வேண்டும். முக்கோணம் அதிகமானால் கணினி திணறும். குறைந்தால் கார் கரடுமுரடாகத் தெரியும். வடிவியல் பாடத்தில் நாம் அலுத்துக்கொண்டு வரைகிறோமே, அதே முக்கோணங்கள்தான்!

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். என்ஜினும் சட்டமும் எங்கிருந்தோ வரும். நம் ஊர்ப் பட்டறையில் அதற்கு உடம்பு கட்டி, வண்ணம் தீட்டி அனுப்புவார்கள். அந்த லாரி காசுமீரம் வரை போகும். பார்ப்பவர்கள் லாரிக் கம்பெனியின் பெயரைத்தான் படிப்பார்கள். கட்டிய ஆசாரியின் பெயர் தெரியாது. துருவாவின் கலைஞர்கள் செய்த வேலையும் ஏறக்குறைய அப்படித்தான். விளையாட்டு முடிந்தபின் திரையில் கடகடவென ஓடும் பெயர்ப் பட்டியலை எத்தனை பேர் நின்று படிக்கிறார்கள்?

இது தாழ்ந்த வேலையா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். இல்லை என்றே தோன்றுகிறது. பிறர் வீட்டுச் சுவரைக் கட்டிப் பழகிய கொத்தனார்தான் தன் வீட்டைத் திருத்தமாகக் கட்டுவார். பலர் இங்கு தொழில் பழகினார்கள். நாஸ்காம் எனப்படும் மென்பொருள் நிறுவனங்களின் சங்கத்தில், விளையாட்டுத் துறைக்கென அமைந்த மன்றத்துக்கு ராஜேஷ் ராவ் அவர்களே தலைமை வகித்தார். தம் நிறுவனம் ஒன்று தழைத்தால் போதும் என்று இராமல், தொழில் முழுவதும் தழைக்க வேண்டுமென்று பாடுபட்டிருக்கிறார். அசைபடம், காட்சி நுட்பம், விளையாட்டு ஆகிய துறைகளுக்கென்றே 2012-இல் தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலம் கர்நாடகம் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் என்ன நடந்தது? துருவாவில் 300 பேருக்கு மேல் பணியாற்றிய நிலையில், சுவீடன் நாட்டின் ஸ்டார்பிரீஸ் நிறுவனம் 2016 இறுதியில் அதன் பெரும்பகுதிப் பங்குகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. சில ஆண்டுகளிலேயே அந்த நிறுவனம் பண நெருக்கடியில் சிக்கியது. 2019-இல் அமெரிக்காவின் ராக்ஸ்டார் கேம்ஸ் 79 இலட்சம் டாலருக்கு அப்பங்குகளை வாங்கி, துருவாவைத் தன் இந்தியக் கிளையோடு இணைத்துக்கொண்டது. துருவா என்ற பெயர்ப் பலகை அத்தோடு இறங்கிற்று. இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிறிது யோசித்து, "பேரு போனா என்ன கண்ணு? வேல கத்துக்கிட்ட முன்னூறு பேரு இருக்காங்கல்ல?" என்றார்கள். காட்டில் மரம் விழுந்தாலும் அதன் விதை பல இடத்தில் முளைத்திருக்கும் என்பது மலையில் பிறந்தவர்களுக்குத் தெரியும் அல்லவா?

'இவரோ ஆண், இருந்ததோ பெங்களூர். பெண்ணால், அதுவும் மலையில் இருந்துகொண்டு, இது முடியுமா?' என்று தோழியர் கேட்கலாம். அதற்கு விடை அமெரிக்காவில் இருக்கிறது. ரொபெர்ட்டா வில்லியம்ஸ் என்னும் அம்மையார் இரு குழந்தைகளின் தாய். 'கொலோசல் கேவ்' என்ற, எழுத்து மட்டுமே உள்ள, குகைக்குள் வழி தேடும் கணினி விளையாட்டை ஆடினார். படமும் இருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணினார். சமையலறை மேசையில் காகிதத்தைப் பரப்பிக் கதையையும் அறைகளின் வரைபடத்தையும் எழுதினார். அவருடைய கணவர் கென், கணினி நிரல் எழுதினார். 1980-இல் 'மிஸ்டரி ஹவுஸ்' வெளிவந்தது. கதையோடு படத்தையும் காட்டிய முதல் சாகச விளையாட்டு அதுவே. பெட்டி வாங்கக் காசில்லாத காலம். பிளாஸ்டிக் பையில் போட்டு விற்றார்களாம்.

பின்னர் அக்குடும்பம் பெருநகரை விட்டு, கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைச் சாரலில் ஓக்ஹர்ஸ்ட் என்ற சிற்றூர்ப் பக்கம் குடியேறிற்று. அந்த மலையின் பெயரையே நிறுவனத்திற்கும் வைத்து 'சியரா ஆன்லைன்' என்றார்கள். 1984-இல் அவர் வடிவமைத்த 'கிங்ஸ் குவெஸ்ட்' விளையாட்டில், கதைமாந்தர் மரத்துக்கு முன்னாலும் பின்னாலும் நடந்து போகலாம். இன்று நமக்கு இது அற்பமாகத் தோன்றும். அன்று அது அதிசயம். 1988-இல் வந்த அதன் நான்காம் பாகத்தில் தந்தையைக் காப்பாற்றப் புறப்படுபவள் ரோசெல்லா என்னும் பெண். நிறுவனம் 1996-இல் கைமாறிற்று. சில ஆண்டுகளில் ரொபெர்ட்டா அம்மையார் தொழிலிலிருந்து விலகினார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. தம்மை முதன்முதலில் ஈர்த்த அந்தக் குகை விளையாட்டையே புதிய வடிவில் ஆக்கி 2023 ஜனவரியில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 69! மலைச் சிற்றூரில் இருந்து உலகுக்கே விளையாட்டு அனுப்ப அன்றே முடிந்ததென்றால், இன்று முடியாதா? நம் நாட்டிலும் பெங்களூரில் பணியாற்றும் பூர்ணிமா சீதாராமன் அவர்கள், விளையாட்டுத் துறைப் பெண்களுக்கான உலகப் புகழ்ப் பட்டியலில் 2020-இல் இடம் பெற்றார். இந்தியாவிலிருந்து அதில் சேர்க்கப்பட்ட முதல்வர் அவரே.

இவை எல்லாவற்றையும் விட என் மனத்தில் ஆழப் பதிந்தது 'வெண்பா'. யாப்பிலக்கணத்தில் நம்மைப் படாத பாடு படுத்தும் வெண்பா அன்று; கனடாவின் டொரண்டோ நகரில் விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலை 31-இல் வெளியிட்ட விளையாட்டின் பெயர் அது. அதை வடிவமைத்த அபி என்பவர் கனடாவில் வாழும் தமிழர். 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்ற தம்பதியரும், அவர்கள் மகன் கவினுமே கதைமாந்தர். இதில் துப்பாக்கி இல்லை, பந்தயம் இல்லை, சமையல்தான் ஆட்டம். தாய் கொண்டுவந்த பழைய சமையற் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் எல்லாக் குழிக்கும் ஆவி போகும்? அழிந்துபோன வரியை ஆடுபவரே யோசித்து நிரப்ப வேண்டும். மகனோ வளர வளரத் தமிழையும் தாயின் சோற்றுப் பெட்டியையும் விட்டு விலகுகிறான். குறிப்பேட்டில் அழிந்த வரியைத் தேடும்போது, ஒரு குடும்பத்தில் அழிந்துகொண்டிருப்பதையும் சேர்த்தே தேடுகிறோம்.

இட்லித் தட்டைப் பற்றி யார் விளையாட்டு ஆக்குவார்கள், யார் அதை ஆடுவார்கள் என்று எவரும் கேட்டிருக்கலாம். ஆனால் 2024-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தனிநிலை விளையாட்டுகளுக்கான விழாவில் தலைமைப் பரிசும், அதே ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் முதற் படைப்புக்கான விருதும் 'வெண்பா'வுக்குக் கிடைத்தன. துருவாவின் கலைஞர்கள் பிறர் கதைக்கு உருவம் கொடுத்தார்கள். இவரோ தம் வீட்டு அடுப்படிக் கதையையே உலகின் முன் வைத்தார். முதலாவது பயிற்சி என்றால் இரண்டாவது பேச்சு. நமக்கு இரண்டும் வேண்டும்.

இவற்றைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. என்னிடம் கணினி இல்லை. பள்ளிக் கணினி அறை வாரத்தில் சில மணி நேரமே கிடைக்கும். ஆகவே ஓர் அட்டையை எடுத்தேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை நம் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன அல்லவா? அட்டையில் 70 கட்டங்கள் வரைந்தேன். தாயக்கட்டை உருட்டி மேலே ஏற வேண்டும். சில கட்டங்களில் பனிமூட்டம். அங்கே ஒரு சுற்று நின்றாக வேண்டும். சில கட்டங்களில் குரங்கு. கையில் இருக்கும் சரக்கில் ஒன்று போய்விடும்.

அரையாண்டு விடுமுறையில் மழை பெய்த ஒரு மாலை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு அதைத் திண்ணையில் வைத்து ஆடினேன். கட்டையில் விழுவதைப் பொறுத்தே எல்லாம் நடந்ததால் சிறிது நேரத்தில் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. அப்போது மாட்டைக் கட்டிவிட்டு வந்த அப்பா, நின்றபடியே அட்டையைப் பார்த்தார்கள். "ஏன் கண்ணு, எல்லா வண்டியும் மேலயேவா போவும்? எறங்குற வண்டி இல்லியா?" என்றார்கள். நான் விழித்தேன். "நாம மொளவும் பலாப்பழமும் கீழ கொண்டு போறோம். அரிசியும் உப்பும் மேல வருது. வளைவுல ரெண்டும் எதிரெதிர வந்தா எறங்குற வண்டிதான் ஒதுங்கி நிக்கோணும். ஏறுற வண்டிய நிறுத்தினா மறுபடி எடுக்குறது கஷ்டம்."

அப்பா அதோடு விடவில்லை, திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள்! மூட்டை அதிகம் ஏற்றினால் வண்டி மெதுவாகத்தானே போகும் என்றார்கள். எனவே புது விதி ஒன்று வந்தது. புறப்படும்போதே எத்தனை மூட்டை ஏற்றுவது என்று ஆடுபவரே முடிவு செய்யலாம். மூன்று மூட்டைக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு மூட்டைக்கும், கட்டையில் விழும் எண்ணில் ஒன்று குறையும். குறைவாக ஏற்றினால் சீக்கிரம் சந்தைக்குப் போகலாம். ஆனால் கையில் காசு சேராது. நிறைய ஏற்றினால் காசு. ஆனால் போவதற்குள் சந்தை கலைந்துவிடலாம். ஆசைக்கும் அளவுக்கும் நடுவே ஆடுபவர் தாமே தேர்ந்துகொள்ள வேண்டும். இப்போது பிள்ளைகள் அலுக்கவில்லை. "ஏன் இத்தனை மூட்டை ஏத்துன?" என்று ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்தார்கள். அம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மூணு மூட்டையே போதும், பேராசப்படாதீங்க" என்றார்கள்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. விதி செய்வதற்குக் கணினி வேண்டியதில்லை. வாழ்க்கையை உற்றுப் பார்த்த கண் வேண்டும். முப்பது ஆண்டுகள் அந்த வளைவுகளில் ஏறி இறங்கிய என் அப்பாவிடம் அந்தக் கண் இருக்கிறது. அவர்களை யாரும் வடிவமைப்பாளர் என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான். ஆடு புலி ஆட்டத்தை ஆக்கியவர்களும் இப்படி ஆடும் புலியும் உள்ள காட்டை உற்றுப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

மதிப்பிற்குரிய பெற்றோர்களே! கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளையைக் கண்டித்து எடுத்து வைப்பது உங்கள் கடமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பணம் கட்டச் சொல்லும் ஆட்டத்தை வீட்டுக்குள் விடவே விடாதீர்கள். ஆனால் உங்கள் பிள்ளை, "இது எப்படி ஆகிறது? இந்த விதியை மாற்றினால் என்ன நடக்கும்?" என்று கேட்டால், அந்தக் கேள்வியை மட்டும் அடக்கிவிடாதீர்கள். அப்படிக் கேட்பவள் ஆடும் பக்கத்திலிருந்து ஆக்கும் பக்கத்துக்கு நகரத் தொடங்கிவிட்டாள். அந்தப் பக்கத்தில் கணக்கு உண்டு, ஓவியம் உண்டு, இசை உண்டு, கதை உண்டு, பிறர் மனத்தை அறியும் பக்குவமும் உண்டு. நம் பள்ளியில் சொல்லித்தரும் எந்தப் பாடமும் அதற்கு வீணாகாது.

தோழியரே! உங்களுள் படம் வரையும் கை உண்டு. பாட்டுக் கட்டும் நாவு உண்டு. பாட்டி சொன்ன கதைகள் உண்டு. வல்வில் ஓரியின் மலையில் பிறந்த நமக்குச் சொல்லக் கதையா இல்லை? தினையும் சாமையும் விளையும் கொல்லைகள், சித்தர் குகைகள், ஆகாய கங்கையின் சாரல், சந்தை நாளின் கூச்சல், எல்லாம் எவரேனும் ஆக்க வேண்டுமென்று காத்திருக்கின்றன. இட்லித் தட்டு உலகப் பரிசு பெறுமானால், நம் மிளகு மூட்டை ஏன் பெறக்கூடாது?

தேர்வு முடிந்து முடிவுகள் வந்தபின், மேல்நிலை முதலாம் ஆண்டில் எந்தப் பிரிவு எடுப்பது என்று எங்கள் வீட்டில் பேச்சு வரும். கணக்கும் கணினி அறிவியலும் சேர்ந்த பிரிவைக் கேட்க எண்ணியிருக்கிறேன். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை மிளகுக் கொடிக்கு ஏணி சாய்த்துக்கொண்டே, "அந்தப் படிப்பு எத்தன வருசம் கண்ணு? எங்க தங்கிப் படிக்கோணும்?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் வருடக் கணக்குக் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொன்னேன். மீதியைச் சகோதரியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இதழ் அவர்கள் கைக்கு வரும்போது, அந்தத் தாளும் கூடவே இருக்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி